சென்டர் ஹாஃப் இல்லாமல் ஜெயித்த கோப்பை

காலனி குரூப்பில் நினைவுமலர் போடப்போகிறோம், ஆளுக்கொரு கட்டுரை தாருங்கள் என்று செய்தி வந்தது. நானும் எழுதுகிறேன். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற மாதிரி இருக்காது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வாரம் உங்களில் ஒருவர் டிவியில் ஹாக்கிக்காரர்கள் ஏலம் போவதைப் பார்த்துவிட்டு, "இவனுங்களுக்கு ஆட்டமா முக்கியம்? சம்பளம் கொஞ்சம் தள்ளிப்போனா ஆட மாட்டேங்கறானுங்க. நம்ம காலத்துல மில்லுக்காக உயிரைக் கொடுத்து ஆடுனாங்க" என்று எழுதினார். கீழே எல்லோரும் வரிசையாகக் கைகூப்பினீர்கள். அதற்கும் கீழே அந்தப் பழைய புகைப்படம். கோப்பையோடு எங்கள் அப்பா நடுவில் நிற்கிற படம். "தொழிலாளிகளே களமிறங்கி ஜெயித்த பொன்னாள்" என்று தலைப்பு வேறு. அதைத்தான் அட்டையில் போடப்போகிறீர்களாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நம் எல்லோருக்கும் அறுபது தாண்டிவிட்டது. மறதி வருகிற வயசுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வசதியான இடத்தில் மட்டும் வருகிற மறதிக்கு மருந்து கிடையாது. அந்த வருஷம் அந்தக் கிரவுண்டில் உங்கள் அப்பாமார்களும் இருந்தார்கள், நீங்களும் இருந்தீர்கள். கடலைத் தோலை யார் மேல் எறிந்தீர்கள் என்று ஞாபகம் இல்லையா?

மில்லின் தெற்கே, பஞ்சு கோடவுனுக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் இருந்தது கிரவுண்டு. மே மாசம் பள்ளிக்கூடம் விட்டதும் டோர்னமென்ட் ஆரம்பித்துவிடும். காலையில் தண்ணீர் தெளித்து ரோலர் இழுப்பார்கள். நனைந்த செம்மண் வாசமும், ஸ்டிக்குகளுக்குத் தேய்க்கிற எண்ணெய் வாசமும், நன்னாரி சர்பத் வாசமும் சேர்ந்து வரும். ஷிப்ட் சங்கு ஊதினால் மூங்கில் கேலரியில் பாதிப் பேர் எழுந்து போவார்கள், அந்த இடத்தில் உடம்பெல்லாம் பஞ்சோடு அடுத்த பாதி வந்து உட்காரும். நான் மூலைக் கொடிக்குப் பக்கத்தில், கயிறு முடிகிற இடத்தில் உட்காருவேன். பாவாடையை இழுத்துக் காலில் செருகிக்கொண்டு உட்கார்ந்தால் ஆட்டம் முடிகிற வரை எழுந்திருக்க மாட்டேன். அடுத்த வருஷம் கிரவுண்டுப் பக்கம் போகக் கூடாது, பெரிய பிள்ளை ஆகிறாய் என்று அம்மா அப்போதே சொல்லிவிட்டாள். அதனால் அந்த சீசனை நான் கண்ணை இமைக்காமல் பார்த்தேன். உங்களைவிட எனக்கு நன்றாக ஞாபகம் இருப்பதற்கு அதுதான் காரணம்.

மில் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில், எங்கள் லைன் வீட்டுக்கு அடுத்த வீட்டில், மில் டீமுக்கு நடுக்களத்தில் ஆடுகிற சென்டர் ஹாஃப் அண்ணன் குடியிருந்தார். சத்தியமங்கலத்துக்காரர். அவர் ஸ்டிக்குக்கு வந்த பந்து கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி அங்கேயே நிற்கும். எதிரணிக்காரன் பறந்துகொண்டு வருவான், இவர் அவசரமே படமாட்டார், அவனைக் கிட்டே வரவிட்டு, சும்மா ஒரு தட்டுத் தட்டி மறுபக்கம் அனுப்பிவிடுவார். கேலரியில் என் அப்பா, "பாத்தியா, பாத்தியா" என்று பக்கத்தில் இருப்பவர் தொடையில் அறைவார். வீட்டுக்கு வந்தும் சாப்பிடும்போது ரசத்தில் விரலால் கோடு போட்டு, அவர் பந்தை எப்படித் தள்ளினார் என்று அம்மாவுக்குக் காட்டுவார். அம்மாவுக்கு ஹாக்கியில் எந்தப் பக்கம் கோல் என்றுகூடத் தெரியாது.

அந்த அண்ணனின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சிரித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். சாயங்காலம் அண்ணன் காலை மஞ்சள் போட்ட வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அவள் சாக்ஸுகளைத் துவைத்துக் கொடியில் போடுவாள்.

இதில் ஒரு விஷயத்தைப் பேரன் பேத்திகளுக்காகச் சொல்லவேண்டும். மில் டீமில் ஆடியவர்கள் யாரும் ஆட்டக்காரர்கள் என்று வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள் இல்லை. எல்லோரையும் பதிலி என்றுதான் வைத்திருந்தார்கள். பதிலி என்றால், நிரந்தரத் தொழிலாளி லீவு போட்டால் அந்த இடத்தில் நிற்கிற ஆள். காலையில் பேருக்கு மெஷின் பக்கம் நின்றுவிட்டு மத்தியானம் கிரவுண்டுக்குப் போகவேண்டும். "பர்மனென்ட் பண்ணுங்க" என்று கேட்டால், "இந்த சீசன் முடியட்டும், பாக்கலாம்" என்பார்கள். சீசன்கள் முடிந்துகொண்டே இருந்தன. முட்டை கொடுத்தார்கள், பால் கொடுத்தார்கள், லைன் வீடு கொடுத்தார்கள். எதுவும் அவர்களுடையது இல்லை. மேலே போட்ட ஜெர்சிகூட மில்லுடையது.

டோர்னமென்ட் தொடங்கிய வாரத்தில் எதிரணி ஃபுல் பேக் ஒருவர் அண்ணனின் முழங்கால் மேல் விழுந்தார். எலும்பு முறிந்த சத்தம் கயிற்றுப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த ஆட்டத்தில் நாம்தான் ஜெயித்தோம், அதனால் கேலரி கைதட்டியது. கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி ஓட முடியாது என்று டாக்டர் சொன்னதாகப் பேச்சு வந்தது. சில நாளில் கேட்டில், தொழிலாளிகளின் பித்தளை டோக்கன்கள் தொங்குகிற பலகையில், அண்ணனுடைய ஆணி காலியாக இருந்தது. டோக்கன் இல்லையென்றால் வேலை இல்லை. டோர்னமென்ட் முடிந்ததும் வீட்டைக் காலி பண்ணவேண்டும் என்று ஆபீசிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"ஊருல உங்களுக்குத் தோட்டங்காடு ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"பவானி ஆறு இருக்குதுங்கக்கா. அதைக் குடிச்சுட்டே கெடக்கலாமுங்க" என்றாள் அக்கா. சிரித்தாள். அன்றைக்கு அந்தச் சிரிப்பு அடுத்த வீட்டுக்குக்கூடக் கேட்கவில்லை.

இப்போது என் அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். கோடவுன் மேஸ்திரி. அதற்கு முன் பஞ்சைச் சீவுகிற கார்டிங் மெஷினில் நின்றவர். மெஷின் அவர் இடதுகையில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டது. விரல் இல்லாதவனை வைத்து என்ன செய்வது என்று நிர்வாகம் அனுப்பப் பார்த்தபோது, மொத்த மில்லும் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்து ரோட்டில் உட்கார்ந்தது. அதற்குப் பிறகுதான் கோடவுனில் லேசான வேலை கிடைத்தது. அன்றிலிருந்து வேலையில் கை போனாலும் கால் போனாலும் லேசான வேலை உண்டு என்பது நம் மில்லின் வழக்கமாகவே ஆகிவிட்டது. அப்பா சங்கத்தில் கமிட்டி மெம்பரும் ஆனார். ஸ்ட்ரைக் நடக்கும்போது உள்ளே போய் வேலை செய்கிறவனைக் கருங்காலி என்பார். சொல்லிவிட்டுக் காறித் துப்புவார்.

ஃபைனலுக்கு முந்தின நாள் சாயங்காலம் மில் டீம் கேப்டனும் இன்னும் சில ஆட்டக்காரர்களும் அப்பாவைப் பார்க்க வந்தார்கள். அம்மா காபி வைத்தாள். நான் கதவோரம் நின்றேன்.

"ஏனுங் மேஸ்திரிண்ணா, கையி போனவிங்களுக்கு லேசான வேல குடுக்கறாங்களே, அதையேதான் நாங்களும் கேக்கறமுங்க" என்றார் கேப்டன். "எங்க எல்லாத்தையும் பர்மனென்ட் பண்ணச் சொல்லலீங்க. அவனுக்கு மட்டும். கேட்டுல வாட்ச்மேன் வேலயானாலும் செரிங்க. சங்கத்துல எங்களுக்காவ ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதும்."

"அது மெஷின்ல போன கையி. இது ஆட்டத்துல போன காலு. ரண்டும் ஒண்ணாகுமா?" என்றார் அப்பா. "நாங்க பஞ்சுத் தூசியத் தின்னுபோட்டு நிக்கறோம். நீங்க ஆடறீங்க. ஆடறதுக்கு சங்கம் எதுக்கு?"

"எங்களுக்கு அதுதானுங்க வேல."

"வேலைன்னா வேர்க்கோணுமப்பா."

"எங்களுக்கும் வேர்க்குதுங்களே" என்றார் கேப்டன். குரலை உயர்த்தவே இல்லை.

அப்பா சிரித்துவிட்டார். "மொதல்ல கப்ப ஜெயிச்சுக் குடுங்க. அப்பறம் மொதலாளிகிட்ட நானே பேசறேன்."

"கப்ப ஜெயிச்சுக் குடுத்துபோட்டா, அப்பறம் எங்க பேச்சை ஆருங்க கேக்கறது?"

காபியைக் குடித்து டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்கள். அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். "உங்க வெரலு போனப்ப ரோட்டுல உக்காந்தாங்களே, அதுல இந்த ஆட்டக்காரங்களும்தானே இருந்தாங்க?" என்று கேட்டாள். உனக்கு ஒன்றும் தெரியாது, போ என்றார் அப்பா.

அப்பா கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவர் ரசிகர். கெட்டவனைவிட மோசம் அது. ரசிகனுக்கு ஆட்டக்காரன் சாமி. சாமிக்குச் சூடம் காட்டுவான், தோளில் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றுவான். அந்த சாமி வாயைத் திறந்து பசிக்கிறது என்று சொன்னால் மட்டும் அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். நமக்காக ஆடுகிறான் என்று நினைத்தோமே, இவனும் சோற்றுக்குத்தான் ஆடினானா என்று ஏமாந்துபோவான். தான் மட்டும் எதற்கு மெஷினில் நிற்கிறோம் என்று ஒருநாளும் யோசிக்கமாட்டான்.

ஃபைனல் அன்று கேலரி பிதுங்கியது. பாதிப் பேர் கேலரி மூங்கிலில் தொங்கினார்கள். எதிரணி வெளியூர் மில் டீம். நம் டீம் ஜெர்சி போட்டு, வரிசையாக நடந்து, நடுக்கோட்டுக்கு வந்தது. அண்ணனுக்கும் ஜெர்சி போட்டுக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். வழக்கப்படி கை குலுக்கச் சின்ன முதலாளி விருந்தாளிகளுக்குப் போட்ட பந்தலிலிருந்து இறங்கி வந்தார். அவர் கையை நீட்டியதும் எல்லோரும் ஸ்டிக்குகளை மண்ணில் வைத்துவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். அண்ணன் மட்டும் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

மைக் பிடிக்கிற ஆளும் அவர் கூடவே வந்திருந்ததால் பேசியது எல்லோருக்கும் கேட்டது.

"இவனுக்கு ஒரு வேல வேணுமுங்க. குடுக்கறேன்னு சொல்லுங்க, இப்பவே எந்திரிச்சு ஆடறமுங்க" என்றார் கேப்டன்.

சின்ன முதலாளி கோபப்படவில்லை. அவர் படித்தவர். சிரித்துக்கொண்டே மைக்கைக் கையில் வாங்கிக் கேலரியைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டீங்களா? இவிய ஆட மாட்டாங்களாமா. உங்களை வெயில்ல உக்கார வெச்சுப்போட்டு பேரம் பேசறாங்க. நம்ம மில்லு மானத்தைக் காப்பாத்த உங்கள்ல ஆரும் இல்லீங்களா?"

அவ்வளவுதான். கேலரி எரிந்தது. போனஸுக்கு ரோட்டில் உட்கார்ந்தவர்கள், கேட்டில் தடியடி வாங்கியவர்கள், எல்லோரும் எழுந்து கத்தினார்கள். "தின்னுகொழுத்த நாயிங்களா!" என்று கத்தியவர் யாருடைய அப்பா என்று எனக்குத் தெரியும், அவர் மகளும் இந்தக் குரூப்பில் இருக்கிறாள். கடலைத் தோல், ஆரஞ்சுத் தோல், பிறகு கல். ஒரு சர்பத் பாட்டில் அண்ணனின் கட்டுப் போட்ட காலுக்குப் பக்கத்தில் விழுந்து உடைந்தது. அவர் காலை இழுத்துக்கொள்ளக்கூட முடியவில்லை.

முதலில் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டியவர் என் அப்பா. மில்லுக்குள் நடக்கிற டிபார்ட்மென்ட் லீக்கில் ஃபுல் பேக் ஆடியவர். பின்னாலேயே மற்றவர்களும் இறங்கினார்கள். உட்கார்ந்திருந்தவர்களைத் தூக்கிக்கொண்டு வந்து மூலைக் கொடிக்குப் பக்கத்தில், நான் இருந்த இடத்தில் போட்டார்கள். போட்டார்கள் என்றுதான் சொல்லவேண்டும், இறக்கவில்லை. பிறகு அவர்கள் உடம்பிலிருந்து ஜெர்சிகளைக் கழற்றச் சொன்னார்கள். மில் ஜெர்சி அல்லவா. பனியனோடு உட்கார்ந்திருந்தார்கள். அண்ணனின் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு போனவர் என் அப்பா. அது அவருக்கு வயிற்றில் பிடித்தது.

ஆட்டம் தொடங்கியது. வெளியூர்க்காரர்களுக்கு நம் ஆட்கள் ஒரு பொருட்டே இல்லை. நினைத்திருந்தால் எண்ணமுடியாத அளவுக்குக் கோல் போட்டிருக்கலாம். ஆனால் அவர்களுடைய லெஃப்ட் அவுட் பந்தோடு மூலை வரை வந்து, உள்ளே அடிக்காமல் வெளியே தள்ளிவிட்டான். திரும்பவும் வந்தான், திரும்பவும் தள்ளினான். பந்தை எடுக்க எங்கள் பக்கம் வந்தபோது கேப்டனிடம் மெதுவாகச் சொன்னான். "கவலைப்படாதீங்கண்ணே. நீங்க உக்காந்திருக்கையில நாங்க கோல் போட மாட்டோம். எங்களுக்குள்ள பேசி முடிவு பண்ணிட்டோம்."

கேப்டனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அய்யோ, அப்படிப் பண்ணிப்போடாதீங்கப்பா! அடிங்க! நாங்க இல்லாட்டி மில்லு தோத்துப்போகும்னு தெரிஞ்சாத்தான் எங்களுக்குப் பொழப்பு!"

"அதெல்லாம் முடியாதுண்ணே. இது ஒரு ஆட்டமா? இவங்க மேல கோல் போட்டா எங்களுக்குத்தான் அசிங்கம்" என்று சொல்லிவிட்டு அவன் ஓடினான். நல்ல பையன்கள். மனசார உதவி செய்வதாக நினைத்துக் குழி வெட்டினார்கள். கேப்டன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "அடிங்கப்பா! கோலு போடுங்கப்பா!" என்று எதிரணியைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினார். கேலரிக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? சொந்த மில் தோற்கவேண்டும் என்று கத்துகிற துரோகி. அதற்கும் ஒரு கல் வந்தது.

கடைசியில் நமக்கு ஒரு பெனால்டி கார்னர் கிடைத்தது. அப்பாதான் அடித்தார். பந்து வேகமாகக்கூடப் போகவில்லை, மண்ணில் உருண்டு போனது. எதிரணிக் கோல்கீப்பர், இந்தக் கூத்து முடிந்தால் போதும் என்பதுபோல, மூங்கில் பட்டைக் காப்பு கட்டிய காலைத் தூக்கி அதற்கு வழி விட்டார். கயிற்றோரத்திலிருந்து பார்த்த எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது. அடித்த அப்பா துள்ளவில்லை, கையைத் தூக்கவில்லை. அந்தக் கோல்கீப்பரையே பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டம் உள்ளே ஓடி வந்து தோளில் தூக்கிய பிறகுதான் சிரித்தார். நீங்கள் குரூப்பில் போட்ட படம் அதற்குப் பிறகு, கோப்பையைக் கையில் கொடுத்தபோது எடுத்தது.

மறுநாள் காலையில் கேட்டில் லேபர் ஆபீசர் அறிவித்தார். கப்பை நம் தொழிலாளிகளே ஜெயித்துவிட்டார்கள், அதனால் தனியாக ஆட்டக்காரர்கள் தேவையில்லை, டீமைக் கலைத்தாகிவிட்டது. ஒருவருடைய டோக்கனும் பலகையில் இல்லை. ஒரு வேலை கேட்கப் போனவர்கள் எல்லா வேலையையும் இழந்து திரும்பினார்கள். அந்த ஒரு கோல் விழாமல் இருந்திருந்தால், அல்லது பத்துக் கோல் எதிர்ப்பக்கம் விழுந்திருந்தால், முதலாளியால் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கமுடியாது.

ஆட்டக்காரர்கள் கேட்டிலிருந்து நேராக எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். அண்ணனும் அடுத்த வீட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா பின்னால் நின்றாள்.

"மேஸ்திரிண்ணா, அந்த வெளியூர்க்காரங்க விட்டுக்குடுத்தாங்கன்னு ஒரு வார்த்தை மொதலாளிகிட்டச் சொல்லுங்க" என்றார் கேப்டன். "நாங்க சொன்னா வயித்தெரிச்சல்ம்பாங்க. ஆடுனவரு நீங்க. நீங்க சொன்னா எடுபடுமுங்க. எங்களை விட்டுருங்க, இவனுக்காவ சொல்லுங்க."

"ஆரு விட்டுக்குடுத்தா?" என்றார் அப்பா. "நான் அடிச்சது கோலு. ஊரே பாத்துச்சு."

"அப்பா, அந்த லெஃப்ட் அவுட்டு சொன்னத நான் கேட்டேன். கோல்கீப்பரு காலைத் தூக்குனதையும் பாத்தேன்" என்றேன்.

"பாருங்க, அம்மணியே சொல்லுதுங்க" என்றார் கேப்டன்.

அப்பா என்னை அடிக்கக் கையை ஓங்கினார். அம்மா என்னை இழுத்துக்கொண்டாள். அப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். அவருக்குத் தெரியும். அந்தக் கோல்கீப்பரைப் பார்த்துக்கொண்டு நின்ற நிமிஷத்திலிருந்தே தெரியும். ஒரு வார்த்தைதான். சொல்லியிருந்தால் முதலாளி கேட்டிருப்பாரா என்பது வேறு.

அப்போது அண்ணன் நிலையைப் பிடித்தபடியே கேப்டனைக் கூப்பிட்டார்.

"விடுங்க கேப்டன். மேஸ்திரிண்ணா பொறந்ததுல இருந்து ஜெயிச்சது அந்த ஒரு ஆட்டந்தானுங்க. அதையும் போயி எதுக்குக் கேட்டுட்டு."

குரலில் கிண்டலே இல்லை. கிண்டல் இருந்திருந்தால் அப்பாவால் சண்டை போட்டிருக்க முடியும். அக்கா பாத்திரங்களை எடுத்துக்கட்ட உள்ளே போனாள். கேப்டன் அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கினார். அப்பா கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். லைன் வீட்டில் பகலில் யாரும் கதவைச் சாத்தமாட்டார்கள். அடுத்த வீட்டில் சாமான் ஏற்றிய வண்டி கிளம்பிப் போகிற சத்தம் அடங்குகிற வரை அவர் அதைத் திறக்கவிடவில்லை.